கப்பல் சர்டிபிகேட்டும் ஒழுங்கு நடவடிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கப்பல் வேலைக்குப் போகிறவர்களும், போக நினைக்கிறவர்களும், பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சட்டம் பற்றி ஒரு வார்த்தை: 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. கீழே சொல்லும் விசாரணை நடைமுறைகள் 1958 சட்டத்தின் வழியில் வந்தவை. உங்கள் கைக்கு நோட்டீஸ் வந்தால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதல் வரியிலேயே பாருங்கள்.

சி.டி.சி., சி.ஓ.சி., இண்டோஸ் என்கிறார்கள். இதில் எது லைசென்ஸ்?

சி.ஓ.சி. தான். மற்றவை லைசென்ஸ் அல்ல.

இண்டோஸ் என்பது ஒரு எண். ஆயுள் முழுக்க அதே எண்தான். சி.டி.சி. என்பது பாஸ்போர்ட் போன்ற புத்தகம். எந்தக் கப்பலில் என்று ஏறினீர்கள், என்று இறங்கினீர்கள் என்ற கணக்கு அதில் ஏறும். பத்து வருடம் செல்லும். சி.ஓ.சி. என்பது தகுதிச் சான்று: கப்பலை ஓட்டும் டெக் பக்கம் செகண்ட் மேட், ஃபர்ஸ்ட் மேட், மாஸ்டர் (அதாவது கேப்டன்), இன்ஜின் பக்கம் எம்.இ.ஓ. கிளாஸ் 4, 2, 1. பரீட்சை எழுதி, வாய்மொழித் தேர்வும் முடித்தால்தான் கிடைக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 'அவனுக்கு லைசென்ஸ் போச்சு' என்று ஊரில் சொன்னால், பெரும்பாலும் போனது சி.ஓ.சி.

ரேட்டிங் ஆட்களுக்கு, அதாவது ஆபீசர் அல்லாத ஓ.எஸ்., ஏ.பி., ஆயிலர் போன்றவர்களுக்கு, சி.ஓ.சி. கிடையாது. வாட்ச்கீப்பிங் (முறை வைத்துப் பார்க்கும் காவல் பணி) சான்று, ஏபிள் சீஃபேரர் சான்று என்று தனியாக உண்டு. அவர்களுக்கும் ஒழுங்கு நடவடிக்கை பொருந்தும். 'நான் வெறும் ஏ.பி., என்னை என்ன செய்ய முடியும்' என்பது தப்புக் கணக்கு.

காசிமேட்டு விசைப்படகில் பத்து வருஷம் ஓட்டியிருக்கேன். அந்த அனுபவம் கணக்கில் வருமா?

வராது. கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றுக்கும் உலக அளவில் இருக்கும் எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை 1978இல் உருவானது. மீன்பிடிக் கலங்களை அது தன் வரம்பிலிருந்தே வெளியே வைத்துவிட்டது. அலை, காற்று, வலை பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பாதி ஒரு கேடட்டுக்கு, அதாவது ஆபீசர் பயிற்சி மாணவனுக்கு, தெரியாது என்பது உண்மைதான். ஆனால் சி.டி.சி.யில் ஏறாத நாள் பரீட்சைக்கு நாளே இல்லை. 'போட்டு அனுபவத்தை சீ டைமாக (கடல் சேவையாக) மாற்றித் தருகிறேன்' என்று எவராவது பணம் கேட்டால், அவர் விற்பது போலிச் சான்று.

பையன் பத்தாவது முடிச்சிருக்கான். எங்கிருந்து தொடங்கணும்?

கண்ணிலிருந்து. பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால், கப்பல் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் கண் பரிசோதனை முடித்துவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறியும் பார்வை இல்லையென்றால் டெக் வேலை கிடையாது. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் பிரித்துத் தெரியாதவர் ராத்திரியில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியாது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, கோர்ஸ் முடித்த பிறகு மருத்துவத்தில் விழுகிற குடும்பங்கள் இருக்கின்றன. வரிசையை மாற்றிப் போட்டதுதான் காரணம்.

பத்தாவது முடித்தவருக்கு வழி ஜி.பி. ரேட்டிங்: அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் ஆறு மாதத் தங்கிப் படிக்கும் பயிற்சி. ஆங்கில மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பார்கள். அதோடு உயிர் காக்கும் முறை, தீயணைப்பு, முதலுதவி, சொந்தப் பாதுகாப்பும் கப்பல் நடத்தையும், பாதுகாப்புக் கடமைகள் என்று ஐந்து அடிப்படைப் பயிற்சிகள். இவற்றில் முதல் இரண்டையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று அதிகபட்சம் இரண்டு வருடம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வருடம்.

ரேட்டிங்கிலிருந்து ஆபீசர் ஆகலாம். பயிற்சிப் பதிவேட்டோடு போகும் கேடட்டுக்கு எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை கேட்பது குறைந்தது 12 மாதக் கடல் சேவை. அப்படி இல்லாமல் வருகிறவருக்கு 36 மாதம். நாட்டு விதி இதற்கு மேலும் கேட்கலாம். அதனால்தான் ஒவ்வொரு சைன் ஆனும் (ஏறியது) சைன் ஆஃபும் (இறங்கியது) சரியான தேதியோடு புத்தகத்தில் இருக்கிறதா என்று கேங்வே ஏணியை விட்டு இறங்குமுன் பார்க்கச் சொல்கிறோம். ஒரு தேதி தப்பாகிப் பரீட்சை ஆறு மாதம் தள்ளிப் போகும்.

மண்ணடியில் ஒரு ஏஜென்ட் மூணு லட்சம் கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் பணம் வாங்கக்கூடாது என்பது 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. இந்தியா 2015இல் அதை ஏற்றது. மருத்துவச் சான்று, சி.டி.சி., பாஸ்போர்ட் போன்ற பயண ஆவணம் ஆகியவற்றின் செலவு உங்களுடையதாக இருக்கலாம். 'சர்வீஸ் சார்ஜ்', 'ஜாயினிங் சார்ஜ்', 'டாலர் டெபாசிட்' எதுவும் கிடையாது.

ஆள் எடுக்கும் கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் வேண்டும். எண்ணை வாங்கி, மத்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். எண் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. தளத்தில் இருக்கும் முகவரிக்கும் தொலைபேசிக்கும் நேராகப் பேசி, 'இந்தப் பெயரில் இந்தக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறீர்களா' என்று கேளுங்கள். நல்ல கம்பெனியின் எண்ணைப் போலிகள் தங்கள் லெட்டர்ஹெட்டில் அச்சடிப்பது சாதாரணம்.

சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்கே போனதும் வேறொரு நாட்டின் சி.டி.சி. கொடுக்கிறோம் என்றால் கதை முடிந்தது. அந்தக் கப்பலில் சம்பளம் வராவிட்டால் இங்கே கேள்வி கேட்க ஆள் இல்லை; அந்தச் சேவை இங்கே பரீட்சைக்கும் உதவாது. போலிச் சான்று கையில் பிடிபட்டால் ஏஜென்ட் காணாமல் போய்விடுவார், வழக்கு உங்கள் பெயரில் நிற்கும். 'எனக்குத் தெரியாது, அவர்தான் வாங்கிக் கொடுத்தார்' என்ற பதில் இதுவரை யாரையும் எளிதில் காப்பாற்றியதாக நாங்கள் பார்த்ததில்லை.

இந்திய சி.ஓ.சி. இருக்கு. பனாமா கொடிக் கப்பலில் அப்படியே ஏறலாமா?

முடியாது. கப்பல் பதிவான நாடுதான் அதன் கொடி நாடு; அந்த நாட்டின் ஒப்புதல் சான்று வேண்டும். அது வர நாளாகும் என்பதால், விண்ணப்பம் கிடைத்ததற்கான உறுதிச் சீட்டை வைத்து மூன்று மாதம் வரை வேலை பார்க்கலாம். நான்காவது மாதம் துறைமுக அதிகாரி ஏறிப் பார்க்கும்போது அதே சீட்டை நீட்டினால், கப்பலையே நிறுத்தி வைக்க அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். சீட்டின் தேதியைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள்.

சி.ஓ.சி. காலாவதி ஆகப் போகுது, கரையில் இருக்கேன்.

கடந்த ஐந்து வருடத்தில் 12 மாதக் கடல் சேவை, அல்லது கடைசி ஆறு மாதத்தில் 3 மாதம் இருந்தால் புதுப்பிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் அங்கீகரித்த புதுப்பிப்புப் பயிற்சி. எண்ணெய், எரிவாயு ஏற்றும் டேங்கர் கப்பலுக்கான சான்றுக்குத் தனித் தேதி உண்டு, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேப்டன் நினைத்தால் சம்பளத்தில் அபராதம் பிடிக்கலாமா?

நினைத்தபடி முடியாது. சட்டமோ, சங்கத்தோடு செய்த கூலி ஒப்பந்தமோ அனுமதித்த அளவு மட்டும்தான். 'லேட்டா வந்தே, ஐம்பது டாலர் கட்' என்று வாயால் சொல்லிப் பிடிக்கிற பழக்கத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. சம்பளச் சீட்டில் என்ன தலைப்பில் பிடித்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பாதி அபராதம் திரும்பி வந்துவிடும்.

வேலைக்கு வராமல் இருப்பது, சட்டப்படியான கட்டளையை வேண்டுமென்றே மீறுவது, அடிதடி, கப்பலைச் சேதப்படுத்துவது, கப்பலை விட்டு ஓடுவது இவையெல்லாம் குற்றங்களே. ஆனால் 'சட்டப்படியான' என்ற சொல்லைக் கவனியுங்கள். காற்றுச் சோதனை செய்யாத டேங்கில் இறங்கச் சொன்னால், அது கட்டளை என்பதாலேயே இறங்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் 21 சதவீதம், எரிவாயு அளவு தீப்பற்றும் கீழ் வரம்பில் 1 சதவீதத்துக்கு மேல் இல்லை, பெர்மிட்டில் பொறுப்பு ஆபீசரின் கையெழுத்து: இந்த மூன்றையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். மறுக்கும்போது 'மாட்டேன்' என்று சொல்லாமல், 'மீட்டர் வைத்துக் காட்டுங்கள், இறங்குகிறேன்' என்று சொல்லுங்கள். பின்னால் லாக் புக்கில், அதாவது கப்பலின் பதிவேட்டில், படிக்கிறவருக்கு இந்த இரண்டு பதிலும் வேறு வேறு ஆளைக் காட்டும்.

லாக் புக்கில் என் பெயரை எழுதிட்டாங்க. எல்லாம் முடிஞ்சுதா?

இல்லை. இங்கேதான் தொடங்குகிறது. பலர் கோட்டை விடுவதும் இங்கேதான்.

அதிகாரப்பூர்வ லாக் புக்கில் குற்றம் பதிவதற்கு ஒரு முறை இருக்கிறது. நடந்தவுடன் எழுத வேண்டும். மாஸ்டரும், கூடவே மேட் அல்லது கப்பல் ஆள் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். கடலில் இருந்தால் அடுத்த துறைமுகம் சேருமுன், துறைமுகத்தில் இருந்தால் புறப்படுமுன், அந்தப் பதிவின் நகலை உங்களுக்குத் தர வேண்டும். அல்லது காதில் தெளிவாக விழும்படி வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு நீங்கள் சொல்லும் பதிலையும் அதே இடத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாசித்துக் காட்டினோம், இந்தப் பதில் சொன்னார் என்பதும் பதிவாக வேண்டும். இந்த முறைப்படி நடந்த பதிவைக் காட்ட முடியாவிட்டால், பின்னால் குற்றத்துக்கான சாட்சியத்தையே ஏற்க மறுக்க விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு.

நடப்பது என்ன? மாஸ்டர் கேபினுக்குக் கூப்பிடுகிறார்கள். தோளில் நான்கு பட்டை போட்ட கேப்டன் எதிரே உட்கார்ந்திருக்கிறார், சீஃப் மேட் நிற்கிறார். பையன் நடுங்கிப்போய், 'சாரி சார், இனிமே நடக்காது' என்கிறான். அதை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். அது மன்னிப்பு என்று அவன் நினைக்கிறான். கரையில் படிக்கிறவருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம்.

மூரிங்குக்கு, அதாவது கப்பலைக் கயிற்றால் கரையில் கட்டும் வேலைக்கு, வர மறுத்தான் என்பது குற்றச்சாட்டு என்று வைத்துக்கொள்வோம். பதில் இப்படி இருக்கலாம்: '12ஆம் தேதி காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை வேலையில் இருந்தேன். பின்பக்க வின்ச்சின் பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறது என்று அன்று மதியம் டெக் மேஸ்திரியான போசனிடம் சொன்னேன். 13ஆம் தேதி அதே வின்ச்சில் நிற்கச் சொன்னபோது வேறு ஸ்டேஷன் கேட்டேன். வேலையை மறுக்கவில்லை.' தேதி, நேரம், இடம், யாரிடம் சொன்னது, அவ்வளவுதான். கோபம் வேண்டாம், கேப்டனின் குணம் பற்றிய கருத்தும் வேண்டாம். ஆங்கிலம் வராவிட்டால் வருகிற ஒருவரை உதவிக்குக் கேளுங்கள். பதில் எழுத இடம் தராவிட்டால், கையெழுத்தின் பக்கத்திலேயே 'பதில் தர அனுமதி கேட்டேன்' என்று ஒரு வரி எழுதித் தேதி போடுங்கள். நகல் கேளுங்கள். தரவில்லையென்றால், கேட்டதையும் தராததையும் அன்றே கம்பெனியின் கரைப் பொறுப்பாளருக்கு, அதாவது டி.பி.ஏ.வுக்கு, மின்னஞ்சல் செய்யுங்கள். அவர் எண் கப்பலில் ஒட்டியிருக்கும். மெஸ் ரூம் பலகையில் தேடுங்கள்.

குடிப்பது பற்றி விதி என்ன? கரையில் குடித்தால்?

ரத்தத்தில் 0.05 சதவீதம், அல்லது மூச்சில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். இதற்கு மேல் எந்த நாடும் அனுமதிக்கக்கூடாது என்பது எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கையின் 2010 மணிலா திருத்தம். கம்பெனி பூஜ்யம் என்று வைத்திருந்தால் உங்களுக்குப் பூஜ்யம்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வாட்ச் ஏறுவதற்கு நான்கு மணி நேரம் முன்னால் குடிக்கக்கூடாது என்பதும் வழிகாட்டு விதி.

இந்த நான்கு மணி நேரத்தின் கனத்துக்கு ஒரு பழைய உதாரணம் போதும். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறியது. அப்போது கப்பலை நடத்திக்கொண்டிருந்தவர் தேர்ட் மேட். கேப்டன் பிரிட்ஜில், அதாவது கப்பலை நடத்தும் அறையில், இல்லை. போதையில் கப்பல் நடத்தினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து கேப்டனை ஜூரி விடுவித்தது. அப்படியும் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அவர் லைசென்ஸை ஒன்பது மாதம் நிறுத்தி வைத்தது. காரணம் இரண்டு: நான்கு மணி நேர விதியை மீறியது, பிரிட்ஜை விட்டு இறங்கியது. கிரிமினல் வழக்கில் ஜெயிப்பதும் லைசென்ஸ் பிழைப்பதும் வேறு வேறு.

கருவியில் அளவு அதிகம் காட்டினால், உடனே இரண்டாவது சோதனை கேளுங்கள். கருவியின் வரிசை எண், கடைசியாகச் சரிபார்த்த தேதி, ஊதிய நேரம், உடன் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மவுத்வாஷ் போட்ட உடனே ஊதினால் அளவு ஏறும். பதினைந்து நிமிடம் கழித்து ஊதினால் இறங்கிவிடும். ஊத மறுப்பதைப் பல கம்பெனிகள் குடித்ததாகவே எடுத்துக்கொள்ளும். அமெரிக்கக் கடலில் பெரிய விபத்து என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் மதுச் சோதனையும், 32 மணி நேரத்துக்குள் போதைப்பொருள் சோதனைக்கான மாதிரியும் எடுக்க வேண்டும்.

ஓய்வு நேரத் தாளில் எல்லாரும் பொய்தான் எழுதறாங்க. நான் மட்டும் உண்மை எழுதினா?

விதி: எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77 மணி. பத்து மணியை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக்கூடாது. ஒரு துண்டு ஆறு மணிக்குக் குறையக்கூடாது. இரண்டு ஓய்வுக்கு நடுவே 14 மணிக்கு மேல் போகக்கூடாது.

கொடுமை என்னவென்றால், தாளில் பொய் எழுதினால் அது உங்களைத்தான் கட்டும். மூரிங்குக்குக் கூப்பிட்ட நேரம் டெக் லாக்கில் இருக்கிறது, கார்கோ வேலை பார்த்த நேரம் போர்ட் லாக்கில், இன்ஜின் அலாரத்தை யார் அமர்த்தியது என்பது கம்ப்யூட்டரில். துறைமுக ஆய்வாளர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நீங்கள் தூங்கியதாக எழுதிய நேரத்தில் உங்கள் கையெழுத்து வேறொரு தாளில் இருக்கும். விபத்து நடந்துவிட்டால் 'களைப்பாக இருந்தேன்' என்ற உண்மையான காரணத்தையும் சொல்ல முடியாது, நீங்களே நன்றாகத் தூங்கினேன் என்று கையெழுத்திட்டிருப்பீர்கள். உண்மை நேரத்தை எழுதுங்கள். மாற்றச் சொன்னால், மாற்றுகிறவர் தன் பெயரில் மாற்றட்டும்.

எண்ணெய்க் கழிவுக் கணக்கு எழுதும் ஆயில் ரெக்கார்டு புக்கில் கையெழுத்து போடச் சொல்றார் சீஃப் இன்ஜினியர். போடலாமா?

நீங்கள் செய்த வேலை, நீங்கள் பார்த்த அளவு என்றால் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். இன்ஜின் ஆட்களின் வாழ்க்கையை இந்த ஒரு புத்தகம் பலமுறை தின்றிருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இன்ஜின் ரூம் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரை, எண்ணெய் பிரிக்கும் கருவி வழியாக, எண்ணெய் அளவை 15 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 15 பங்குக்கு) கீழே கொண்டுவந்துதான் கடலில் விடலாம். கருவியின் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், சென்சார் கத்தும், உதிரிபாகம் வராது, கரையில் இறக்கச் செலவாகும். அப்போதுதான் யாரோ ஒருவர் ஒரு ஹோஸும் குழாயை இணைக்கும் இரண்டு ஃபிளாஞ்சும் கொண்டு கருவியைத் தாண்டி நேராக வெளியே விடும் குழாய் போடுகிறார். 'மேஜிக் பைப்' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. சிலர் அதுகூடச் செய்யாமல், சென்சாருக்குள் நல்ல தண்ணீரை ஓட்டி ஏமாற்றுவார்கள். பிறகு புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்ததாக எழுத வேண்டியிருக்கும்.

பிடிபடுவது இப்படி: புதிதாகப் பெயின்ட் அடித்த ஃபிளாஞ்ச், ஸ்பேனர் பட்டுத் தேய்ந்த போல்ட், வெளியேறும் குழாயின் உள்பக்கத்தில் கறுப்புப் பிசுக்கு. டேங்கின் மட்டத்தை அளந்த சவுண்டிங் கணக்கும் புத்தகமும் ஒத்துப்போகாது. கருவியின் கொள்ளளவு மணிக்கு ஒரு கன மீட்டர் என்றிருக்க, ஒரு மணி நேரத்தில் மூன்று கன மீட்டர் வெளியேற்றியதாக எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு பதிவிலும் பொறுப்பு ஆபீசர் கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் மாஸ்டர் கையெழுத்து. புத்தகம் மூன்று வருடம் கப்பலில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த வழக்குகள் பெரும்பாலும் பொய்ப் பதிவேட்டைக் காட்டியதற்காகப் போடப்படுகின்றன. கொட்டியது நடுக்கடலில் என்றாலும், பொய்ப் புத்தகம் அவர்கள் துறைமுகத்துக்குள் வந்துவிட்டது அல்லவா. தகவல் சொன்ன கப்பல் ஆளுக்கு அபராதத்தில் பாதி வரை கொடுக்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் கூட வேலை பார்க்கும் வைப்பர், அதாவது இன்ஜின் ரூம் கடைநிலை ஆள், கையில் செல்போன் இருக்கிறது என்பதையும் சீஃபுக்கு ஞாபகப்படுத்தலாம்.

மீன்பிடி போட்டில் மோதிட்டு நிற்காமல் போனா என்ன ஆகும்?

மோதிய கப்பலின் மாஸ்டர் தன் கப்பலுக்கு ஆபத்து இல்லாதவரை நிற்க வேண்டும், உயிர்களைக் காப்பாற்ற வேண்டும், கப்பல் பெயரும் துறைமுகமும் சொல்ல வேண்டும். நிற்காமல் போவது தனிக் குற்றம். மோதலுக்குப் பொறுப்பு யார் என்பது தனிக் கேள்வி. 2012 மார்ச் 1 அன்று கேரளக் கரையோரம் மீன்பிடிப் படகில் கப்பல் மோதி ஐந்து மீனவர்கள் இறந்த வழக்கில், சந்தேகத்துக்குள்ளான பிரபு தயா கப்பலை சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்துதான் விசாரித்தார்கள். 'தெரியவில்லை, உணரவில்லை' என்ற பதிலை இப்போது சோதிக்க முடியும்: கப்பல் இருக்கும் இடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியின் தடம் கரையில் பதிவாகிறது, பிரிட்ஜில் பேசியது வி.டி.ஆர். என்ற பயணப் பதிவுக் கருவியில் இருக்கிறது. 2014 ஜூலை 1 முதல் பொருத்திய வி.டி.ஆர். கருவிகளில், உள்பதிவு 30 நாள் வரை தங்கும். பழையதில் 12 மணி நேரம்தான், அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். அதனால் சம்பவம் நடந்ததும் 'சேவ்' பட்டனை அழுத்துவது மாஸ்டரின் வேலை. அழுத்த மறந்தாலும் அழித்ததாகத்தான் சந்தேகிப்பார்கள்.

வாட்ச் ஆபீசருக்கு ஒரு குறிப்பு: பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் இழுவலை போடும் படகு, சிவப்புக்குக் கீழே வெள்ளை என்றால் வேறு வகை மீன்பிடிப்பு. எண்ணூர் முதல் காசிமேடு வரை விடியற்காலையில் இந்த விளக்குகளே இல்லாமல் டார்ச் மட்டும் அடிக்கும் படகுகளும் வரும். ரேடாரில் தெரியவில்லை என்பது கண்ணால் பார்க்காததற்குச் சாக்கு ஆகாது.

துறைமுகத்தில் வழிகாட்ட ஏறும் பைலட் இருந்தப்போ மோதினா, பொறுப்பு பைலட்டுடையதுதானே?

பைலட் இருப்பதால் மாஸ்டரின் பொறுப்போ வாட்ச் ஆபீசரின் பொறுப்போ குறையாது. பைலட் ஏறியதும் நிரப்பும் தகவல் படிவத்தில் நேரம், இழுவைக் கப்பல்கள் எத்தனை, ஆழக் கணக்கு எல்லாம் எழுதி இருவர் கையெழுத்தும் வாங்குங்கள். துறைமுக வாசல்தான் ஆபத்தான இடம்: ஒருவர் உள்ளே வர, ஒருவர் வெளியே போக. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது அப்படித்தான். எர்ணாவூர்க் கரையில் வாளியால் எண்ணெய் அள்ளியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

என் சி.ஓ.சி.யை யார் ரத்து செய்யலாம்? வெளிநாட்டு போலீஸ் பறிக்குமா?

கொடுத்த நாடுதான் ரத்து செய்யலாம். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 97ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: நடுக்கடல் மோதல் போன்ற சம்பவங்களில், சான்றைக் கொடுத்த அரசு மட்டுமே, உரிய விசாரணைக்குப் பிறகு அதைத் திரும்பப் பெறலாம். கொடி நாடு தன்னுடைய ஒப்புதல் சான்றை வாபஸ் வாங்கி, இந்தியாவுக்கு எழுதும்.

விசாரணையில் இரண்டு வகை. ஒன்று, ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்ள. யார் மேலும் பழி போடுவது அதன் நோக்கம் அல்ல. மற்றொன்று, சான்று மேல் நடவடிக்கைக்கானது. உங்களைக் கூப்பிடுகிறவர் எந்த வகைக்கு வந்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். சர்வதேச விபத்து விசாரணை நெறிப்படி, உங்களுக்கு எதிராகவே திரும்பக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும், வக்கீலைக் கேட்கவும் உங்களுக்குள்ள உரிமையை அவர்கள் சொல்ல வேண்டும்.

1958 சட்டப்படி, முதலில் கடல்வணிகத் துறையின் பூர்வாங்க விசாரணை. தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் முறையான விசாரணை, அங்கே கடல் அனுபவம் உள்ள மதிப்பீட்டாளர்கள் நீதிபதியோடு உட்காருவார்கள். அறிக்கையின் நகலையோ வழக்கின் சாரத்தையோ விசாரணை தொடங்குமுன் உங்களுக்குத் தராமல் சான்றில் கை வைக்க முடியாது. ரத்தான பிறகும், அதே தரத்திலோ கீழ்த் தரத்திலோ பரீட்சை இல்லாமல் புதுச் சான்று தர மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அரிது, ஆனால் உண்டு.

கப்பலில் பாலியல் தொல்லை. கேப்டனே காரணம் என்றால் யாரிடம் சொல்வது?

கேப்டனைத் தாண்டி நேராக டி.பி.ஏ.விடமும், கொடி நாட்டிடமும், துறைமுக அதிகாரியிடமும் புகார் செய்யும் உரிமை கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இருக்கிறது. புகார் செய்ததற்காகப் பழிவாங்கக்கூடாது. வேலை ஒப்பந்தத்தோடு கப்பல் புகார் நடைமுறையின் நகலும் உங்களுக்குத் தந்திருக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்தியக் கம்பெனியில் 2013 சட்டப்படி உள்ளகக் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். குழு 90 நாளில் விசாரணை முடிக்க வேண்டும். இந்தியாவில் பதிந்த கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் அதில் நடக்கும் குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதனால் போலீஸ் புகாருக்குக் கடல் தடை இல்லை. 2026 ஜனவரி 1 முதல் அடிப்படைப் பயிற்சியிலேயே தொல்லையைத் தடுப்பதும் எதிர்கொள்வதும் பாடமாகிவிட்டது. அமெரிக்கா 2022 டிசம்பர் சட்டத்தில் ஒருபடி மேலே போனது: பாலியல் வன்தாக்குதல் என்று அதிகாரப்பூர்வ முடிவு இருந்தால் அங்கே லைசென்ஸ் ரத்தாகியே தீரும்.

செய்தியை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த போனையே பத்திரமாக வையுங்கள். கூட வேலை பார்த்த ஒருவரிடம் அன்றே சொல்லி வையுங்கள்; அவர் சாட்சி. கேடட் என்பதால் டிரெய்னிங் புக்கில் கையெழுத்துக் கிடைக்காதோ என்ற பயம்தான் பலரை வாய் மூட வைக்கிறது. முடிந்த பக்கங்களைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள்.

பாதியில் அனுப்பிவிட்டால் டிக்கெட் காசு யார் தருவது? பாஸ்போர்ட் கேப்டனிடம் இருக்கே?

கம்பெனிதான். உங்கள் பக்கம் கடுமையான தவறு என்று முறைப்படி முடிவானால் மட்டும் திரும்ப வசூலிக்கலாம். பாஸ்போர்ட்டை மாஸ்டர் பாதுகாப்புக்காக வைத்திருப்பது கப்பல் வழக்கம். கடலோடி அடையாள ஆவணத்தை வைத்திருக்க உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். கேட்டும் தர மறுத்தால், அதைப் புகாரில் முதல் வரியாகப் போடுங்கள்.

ராஜாஜி சாலைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. என்ன எடுத்துட்டுப் போகணும்?

கடல்வணிகத் துறை அலுவலகம் ஆங்கர் கேட் கட்டடத்தில் இருக்கிறது. பீச் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். நோட்டீஸ், சி.டி.சி., சி.ஓ.சி., பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், ஓய்வு நேரத் தாள்களின் நகல், லாக் பதிவின் நகல், டி.பி.ஏ.வுக்கு அனுப்பிய மின்னஞ்சல். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். நடந்ததை நாள்வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். நோட்டீஸில் அறிக்கையின் நகல் இணைக்கப்படவில்லையென்றால், பதில் சொல்லுமுன் அதை எழுத்தில் கேளுங்கள், தேதி நீட்டிப்பும் அதே தாளில் கேட்கலாம். சங்கத்தில் உறுப்பினர் என்றால் அவர்கள் ஆளை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் உங்கள் பிரதியில் தேதியோடு ரப்பர் ஸ்டாம்ப் வாங்காமல் அந்தக் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.